சில்க் போர்டு தாண்டி மகள் வீடு

ஆரணியின் நெசவுத் தெருக்களில் வளர்ந்தவர்களுக்குப் பெங்களூரு முதலில் நூலாகத்தான் அறிமுகம். "பெங்களூர் பட்டு வந்திருக்கா?" என்று முதலாளி வீட்டுத் திண்ணையில் கேட்பார்கள். நூல் விலை ஏறினால் "பெங்களூர்ல ஏத்திட்டான்" என்பார்கள். யார் அந்த 'அவன்' என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. காற்றோடு மழை வருவது போல அது பாட்டுக்கு அங்கிருந்து வந்துகொண்டிருந்தது. இன்றைக்கு அதே தெருவில் பெங்களூர் என்றால் பிள்ளைகள் வேலை பார்க்கும் ஊர். சனி ஞாயிறு வந்துபோகும் ஊர். எங்கள் மகளும் எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். சின்ன வயதில் ராட்டையில் தார் சுற்றிக் கொடுத்துவிட்டு ஸ்கூலுக்கு ஓடியவள்.

"ஒரு தடவையாவது வந்து ஊரைச் சுத்திப் பாருங்க" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். எப்போது வேண்டுமானாலும் கிளம்புவேன். வீட்டுக்காரருக்கு லீவு கொடுப்பது தறிதான். ஏற்றிய பாவு அறுந்து முடிந்து, அடுத்த பாவைப் பிணைக்க ஆள் வருவதற்குள் கிடைக்கிற இடைவெளிதான் நெசவாளியின் விடுமுறை. பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் விரலில் முறுக்கிச் சேர்க்க வேண்டும், ஆயிரக்கணக்கான இழைகள். பிணைக்கிறவர் திங்கள்கிழமைதான் வருவேன் என்றார். வெள்ளிக்கிழமை காலை பையைத் தூக்கினோம்.

ஆரணிக்கு ரயில் கிடையாது. 'ஆரணி ரோடு' என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது, அது களம்பூரில் இருக்கிறது. விழுப்புரம் - காட்பாடி பாதையில் வெளியூர்க்காரர்கள் அந்தப் போர்டைப் பார்த்து இறங்கிவிட்டு ஊரைத் தேடுவது இன்றும் நடக்கிற வேடிக்கை. பெங்களூருக்கு என்றால் கண்ணமங்கலம், வேலூர் வழியாகக் காட்பாடிக்குப் பஸ், அங்கிருந்து ரயில். ஓசூர் வழியாகப் பஸ்ஸிலேயே வந்தால் எலக்ட்ரானிக் சிட்டியிலேயே இறங்கலாம் என்று மகள் படித்துப் படித்துச் சொன்னாள். அவர் கேட்கவில்லை. வாழ்நாள் முழுக்கக் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு மிதி மிதித்தவருக்குப் பஸ் சீட்டில் முழங்கால் ஒத்துழைக்காது. 1964இல் ஓட ஆரம்பித்த பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் இன்னும் ஓடுகிறது, அது போதும் என்றார். ஜோலார்பேட்டை தாண்டிக் குப்பம் பக்கம் வண்டி மேட்டில் ஏறத் தொடங்கியதும் ஜன்னல் காற்று மாறியது. மூவாயிரம் அடி உயரத்து ஊர் அது.

கிருஷ்ணராஜபுரத்தில் மகள் காரோடு நின்றாள். அங்கிருந்து வெளிவட்டச் சாலையில் மாரத்தஹள்ளி, பிறகு ஒரு பெரிய சந்திப்பு. வண்டி நின்றது, நின்றதுதான். மேலே மெட்ரோ, அதற்குக் கீழே மேம்பாலம், அதற்கும் கீழே நாங்கள்.

"இது எந்த இடம் பாப்பா?"

"சில்க் போர்டுப்பா."

அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே எட்டிப் பார்த்தார். "எந்தப் பட்டு?"

நம் பட்டேதான். 1948இல் பாராளுமன்றம் போட்ட சட்டத்தின்படி அமைந்த மத்தியப் பட்டு வாரியத்தின் தலைமை அலுவலகம் அந்த முனையில் இருக்கிறது. புழு வளர்ப்பு ஆராய்ச்சி, முட்டை உற்பத்தி, நூலின் தரம் என்று இந்தியப் பட்டின் பாதி காரியம் அங்கேதான் தீர்மானமாகிறது. புடவைக் கடைகளில் தொங்கும் 'சில்க் மார்க்' அட்டை இருக்கிறதே, 2004இல் தொடங்கிய அந்தத் திட்டமும் இந்த வாரியத்துடையதுதான். ஆரணிக் கடைகளில் அந்த அட்டையைப் பார்க்காத நாள் கிடையாது. ஆனால் பெங்களூரின் இளைஞர்களைக் கேட்டால் சில்க் போர்டு என்பது ஒரு டிராபிக் ஜாம், அவ்வளவுதான். அதைப் பற்றிப் போனில் சுற்றும் கேலிப் படங்களை மகள் காட்டினாள். அவர் சிரிக்கவில்லை. "பட்டு பேர்ல ஆபீஸ் இருக்கு, வண்டிதான் நகரல" என்று மட்டும் சொன்னார்.

அன்று ராத்திரி மகள் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். லால்பாக், கப்பன் பார்க், விதான சௌதா, திப்புவின் கோடைக்கால மாளிகை, ஒரு மால், பசவனகுடியில் 1943இலிருந்து நடக்கும் வித்யார்த்தி பவனில் தோசை. குறை சொல்ல முடியாத பட்டியல். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இந்த நூல் எங்கருந்து வருதோ, அதக் காட்டுவியா?" என்றார். மகள் என்னைப் பார்த்தாள். பெங்களூரில் அத்தனை வருஷம் இருந்தும் அவளுக்கு அந்த யோசனையே வந்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு போனைத் தடவி, "ராமநகரம். காலைல சீக்கிரம் கிளம்பணும்" என்றாள்.

ஊர் பார்க்க வந்தவர்கள் முதல் நாளே ஊரை விட்டு வெளியே போனோம். நைஸ் ரோட்டைப் பிடித்து மைசூர் சாலையில் ஏறினால் பெங்களூரிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர். வழியெல்லாம் உருண்டையும் சரிவுமாகப் பெரிய பெரிய பாறைக் குன்றுகள். 'ஷோலே' படம் எடுத்தது இங்கேதான் என்று டிரைவர் பெருமையாகச் சொன்னார். 1975இல் வந்த அந்தப் படத்தை ஆரணியிலும் இந்தி தெரியாமலே பார்த்தார்கள். வீட்டுக்காரருக்குக் குன்றுகளில் அக்கறை இல்லை. சாலையோரம் சுவரில் சாய்த்து வைத்திருந்த மூங்கில் தட்டுகளைப் பார்த்ததும்தான் வண்டியை நிறுத்தச் சொன்னார். வட்டமான தட்டு, உள்ளே சுருள் சுருளாக மூங்கில் பட்டை. புழு கூடு கட்டுவதற்கென்று விடும் சந்திரிகை. இருபத்தைந்து நாள் சொச்சம் முசுக்கொட்டை இலையைத் தின்று தீர்த்துவிட்டு, உடம்பு கண்ணாடி போல ஆனதும் புழு அந்தச் சுருளில் ஏறித் தன்னைச் சுற்றித் தானே நூல் விடும்.

ராமநகரத்துப் பட்டுக்கூடு சந்தையை ஆசியாவிலேயே பெரியது என்கிறார்கள். உள்ளே போனதும் முதலில் மூக்குதான் தெரிந்துகொள்கிறது. உயிருள்ள புழு உள்ளே இருக்கும் கூட்டுக்கு ஒரு பச்சை வாடை உண்டு. நீண்ட கூடங்களில் வரிசை வரிசையாகத் தட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு விவசாயியின் ஒரு போகம். சில தட்டுகளில் பளீர் வெள்ளை, சிலவற்றில் வெளிர் மஞ்சள். வெள்ளை இருவழிக் கலப்பினம், நூல் நீளமாக, சீராக வரும். மஞ்சள் நம் நாட்டு ரகத்தோடு கலந்தது. ராத்திரியே வந்து சேர்ந்த விவசாயிகள் தங்கள் தட்டுக்குப் பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். வாங்க வருகிறவர்கள் நூல் எடுப்பவர்கள். அவர்கள் கூட்டைக் கையில் அள்ளுவதைப் பார்க்க வேண்டும். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்துகிறார்கள், காதருகே ஆட்டுகிறார்கள், ஒன்றை எடுத்துச் சின்னக் கத்தியால் கீறி உள்ளே புழு கூட்டுப்புழுவாகிவிட்டதா, அழுகியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இவ்வளவும் அரை நிமிஷத்தில். ஒரு காலத்தில் வாயால் கூவிய ஏலம் இப்போது மொபைல் வழியாக நடக்கிறது. யார் எவ்வளவு கேட்டார்கள் என்று சத்தமில்லாமல் முடிந்துவிடுகிறது. விலை பிடிக்காவிட்டால் விவசாயி மறுத்து அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கலாம்.

அவர் ஒரு தட்டின் முன்னால் நின்றுவிட்டார். நாற்பது வருஷத்துக்கு மேல் பட்டு நெய்த கைக்குப் பட்டுக்கூடு புதுசு. ஒன்றை எடுத்து அவரும் காதருகே ஆட்டினார். உள்ளே லொட்டென்று ஒரு சத்தம். "இதுல எவ்ளோ நூல் வரும்?" என்று தமிழிலேயே கேட்டார். பக்கத்தில் நின்ற நூல்காரர், தொப்பி போட்ட பெரியவர், "ஆயிரம் மீட்டர் பக்கம் பாய்" என்று தமிழில் பதில் சொன்னார். ஆம்பூரில் சம்பந்தம் செய்தவராம். ஆரணி என்றதும் முகம் மலர்ந்தது. "எங்க நூல் அங்க வருது" என்றார்.

நூல்காரரே தன் பட்டறைக்கு அழைத்துப் போனார். அதிக தூரம் இல்லை. வாங்கிய கூட்டைச் சீக்கிரம் எடுத்துவிட வேண்டும். விட்டால் அந்துப்பூச்சி ஓட்டை போட்டு வெளியே வந்துவிடும், நூல் துண்டு துண்டாகிவிடும். அதனால் ஆவியிலோ சூட்டிலோ உள்ளே இருப்பதைக் கொன்றுவிடுகிறார்கள். பிறகு கொதிநீர்த் தொட்டி. கூட்டைச் சுற்றிய பசை இளகி நுனி வெளிவரும். வரிசையாக உட்கார்ந்த பெண்கள் ஒவ்வொரு நுனியாகப் பிடித்து, ஏழெட்டுக் கூட்டின் நூலை ஒன்றாகச் சேர்த்து மேலே சுழலும் சக்கரத்தில் விடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று அவர்கள் விரலிலிருந்து கிளம்பி மேலே போவது போலிருந்தது. தொட்டியில் கூடு கரைந்துகொண்டே வந்து, கடைசியில் பழுப்பான கூட்டுப்புழு மட்டும் மிதக்கிறது. அதைக் காய வைத்து மூட்டை கட்டிக் கோழித் தீவனத்துக்கும் மீன் தீவனத்துக்கும் அனுப்புகிறார்கள். வாடை அங்கிருந்துதான். எனக்குத் தலை சுற்றியது, வெளியே வந்து நின்றேன். வீட்டுக்காரர் வரவில்லை. ஒரு பெண்ணின் கையைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். நாள் முழுக்கச் சுடுநீரில் ஊறி விரல் நுனி வெளுத்துச் சுருங்கியிருந்ததாம். "நாம கஷ்டப்படறோம்னு நெனச்சேன்" என்றார் காரில் ஏறும்போது.

திரும்பும் வழியில் அவர் கணக்குப் போட ஆரம்பித்தார். ஆரணிப் புடவை காஞ்சிபுரத்தை விடக் கனம் குறைந்தது. ஜரிகையைத் தள்ளினால் பட்டு மட்டும் நானூறு கிராம் வைத்துக்கொள்ளலாம். சாயம் போடுமுன் பசை போக வேக வைக்கும்போது கால் பங்கு எடை போய்விடும், ஆகவே பச்சை நூலாக ஐந்நூறு கிராமுக்கு மேல் வேண்டும். ஒரு கிலோ நூலுக்கு ஆறேழு கிலோ கூடு என்றார் நூல்காரர். கிலோவுக்கு ஐந்நூறு, அறுநூறு கூடு. "ஒரு புடவைக்கு ரெண்டாயிரம் பூச்சி" என்றார். மகள் தன் போனில் தட்டிப் பார்த்து, சரிதான் என்றாள். எனக்கு அந்த எண் பிடிக்கவில்லை. கல்யாணங்களுக்குக் கட்டிக்கொண்டு போன புடவைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

தமிழ்நாட்டிலும் தர்மபுரியில் கூட்டுச் சந்தை உண்டு, ஓசூர்ப் பக்கம் புழு வளர்ப்பும் உண்டு. ஆனாலும் தறிகளின் பசிக்கு அது போதாமல் கர்நாடகத்தைத்தான் நம்பியிருக்கிறோம். இந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு பழைய கதை. மைசூர்ச் சீமையில் பட்டுப்புழுவைப் பெரிய அளவில் வளர்க்க ஏற்பாடு செய்தவர் திப்பு சுல்தான். வங்காளத்திலிருந்து புழுவும் தொழிலும் கொண்டுவந்தார். பிறகு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜாம்ஷெட்ஜி டாடா ஜப்பானியர்களின் உதவியோடு பெங்களூரில் ஒரு பட்டுப் பண்ணை வைத்தார். பண்ணை போய்விட்டது, பசவனகுடிக்குப் பக்கத்தில் 'டாடா சில்க் ஃபார்ம்' என்று ஒரு பகுதிக்குப் பெயர் மட்டும் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை தோசைக்குப் போகும் வழியில் ஆட்டோக்காரர் காட்டினார். வீடுகளும் மெடிக்கல் ஷாப்பும். தோசை நன்றாக இருந்தது. அதற்காக நின்ற வரிசை அதை விட நீளம்.

ஞாயிறு மகளின் பட்டியலுக்கு என்று ஒப்புக்கொண்டோம். 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் பாதை மெட்ரோ எலக்ட்ரானிக் சிட்டி வழியாகப் போகிறது. டிரைவர் இல்லாத ரயில் என்று தெரிந்ததும் அவர் முதல் பெட்டிக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டார். வெள்ளிக்கிழமை எங்களை அசையவிடாமல் பிடித்து வைத்திருந்த சில்க் போர்டை இப்போது தலைக்கு மேலாகத் தாண்டினோம். ஸ்டேஷனுக்கும் அதே பெயர்தான். ஆர்.வி. ரோட்டில் பச்சைப் பாதைக்கு மாறினால் சில ஸ்டேஷன்களில் லால்பாக்.

1760இல் ஹைதர் அலி போட்ட தோட்டம். கண்ணாடி மாளிகை 1889இல் வந்தது. மரங்களை விட எனக்கு அந்தப் பாறை பிடித்திருந்தது. முந்நூறு கோடி வருஷத்துப் பாறையாம், மேலே கெம்பே கௌடர் கோபுரம். அதில் உட்கார்ந்து நான் ஆசிரியை வேலையைக் காட்டினேன். ஹைதர் அலிக்கும் ஆரணிக்கும் சம்பந்தம் இருக்கிறது. இரண்டாம் மைசூர்ப் போரில் அவருடைய படைக்கான வெடிமருந்தும் தானியமும் ஆரணிக் கோட்டையில்தான் குவிந்திருந்தன. அதைப் பறிக்கத்தான் 1782 ஜூன் மாதம் ஆங்கிலத் தளபதி அயர் கூட் ஆரணிக்கு வந்தார். ஊருக்கு வெளியே சண்டை நடந்தது, சரக்கு கிடைக்காமல் திரும்பினார். அந்த வருஷக் கடைசியில் சித்தூருக்குப் பக்கத்தில் ஹைதர் இறந்துபோனார். இங்கே ரோஜா வைத்தவர் அங்கே வெடிமருந்து வைத்திருந்தார். மகளுக்கு இது தெரியாது. அவள் படித்த ஆரணிப் பள்ளியில் நான்தான் சரித்திரம் எடுத்தேன் என்பது வேறு விஷயம்.

விதான சௌதாவை ரோட்டிலிருந்தே பார்த்தோம். பெரிய கட்டடம், போட்டோ எடுத்துக்கொண்டோம். அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை; பதினெட்டு வருஷம் மூடியே கிடந்து 2009 ஆகஸ்ட் 9 அன்று திறந்த சிலை. ஏரியில் தண்ணீர் பச்சையாக இருந்தது. இவ்வளவையும் மதியத்துக்குள் முடித்ததற்குக் காரணம் சிக்பேட்டை. அங்கே போக வேண்டும் என்று சொன்னது நான்.

சிக்பேட்டைச் சந்துகளில் பட்டுப் புடவை மொத்த வியாபாரம் நெடுங்காலமாக நடக்கிறது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் கடைக்குள் ஒதுங்க வேண்டிய அகலம். ஒரு கடையில் மெத்தை மேல் உட்கார வைத்துக் காபி கொடுத்துப் புடவைகளை வீசி வீசி விரித்தார்கள். மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்ட ஒன்று வந்தது. "ப்யூர் காஞ்சிபுரம்மா" என்றார் கடைப்பையன், நல்ல தமிழில்.

வீட்டுக்காரர் அதைக் கையில் வாங்கினார். கடைக்காரர்கள் காட்டும் பக்கத்தை அவர் பார்ப்பதே இல்லை, நேராகத் திருப்பினார். கரையும் உடலும் சேரும் இடத்தில் கட்டை விரலை வைத்து ஒரு முழம் நகர்த்தினார். காஞ்சிபுரக் கோர்வை என்றால் கரைக்குத் தனி நாடா, உடலுக்குத் தனி நாடா. இரண்டு ஊடையும் அந்த ஓரத்தில் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், விரலுக்கு மெல்லிய மேடு தட்டும். இதில் தட்டவில்லை. ஒரே நாடா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடியிருக்கிறது. பிறகு முந்தியைப் பார்த்தார், முந்தியின் பூவைப் பார்த்தார்.

"இது ஆரணி தம்பி."

"இல்ல சார், காஞ்சிபுரம்தான்."

"இந்தப் பூவுக்கான ஜக்கார்டு அட்டைய எங்க தெருவுலதான் அடிச்சாங்க. பூவுக்குக் கீழ இந்தச் சின்ன எல பாரு, அது என் சித்தப்பா மவன் போட்டது."

மகள் "அப்பா, போதும்பா" என்று அவர் கையைப் பிடித்தாள். கடைப்பையன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி சங்கடப்படாமல் சிரித்தார். "ஆரணின்னா கஸ்டமருக்குத் தெரியாது சார். காஞ்சிபுரம்னா கேள்வியே கிடையாது" என்றார். பொய் சொல்கிறோம் என்ற உறுத்தல் அவருக்கு இல்லை, நிலவரத்தைச் சொன்னார். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்ற பட்டு, காஞ்சிபுரத்துக்கும் தனியாக அது உண்டு. இரண்டும் இரண்டு நெசவு, இரண்டு விலை, இரண்டு ஊர். ஆரணிப் பட்டின் லேசான கனத்துக்காகவே தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டிய டீச்சருக்கு அதன் அருமை தெரியும், எனக்குத் தெரியும். வேறு ஊர்ப் பேரில் விற்றால் லாபம் கடைக்கு. நெய்தவனுக்கு ஆரணிக் கூலிதான்.

நான் அந்தப் புடவையை வாங்கவில்லை. எங்கள் ஊரில் நெய்ததற்குப் பெங்களூர் விலை கொடுக்க எனக்கு மனசில்லை. மகள் கோபப்பட்டது போலத்தான் தெரிந்தது. வெளியே வந்து, கப்பன்பேட்டைப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து விசைத்தறியின் சடசடப்பு கேட்டபோது, "அப்பா, கோர்வை எப்படிப் பாக்கறதுன்னு எனக்கும் காட்டுங்க" என்றாள். அவர் என் முந்தானையை இழுத்து நடுரோட்டிலேயே காட்ட ஆரம்பித்தார். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

பெங்களூரில் பிள்ளைகள் இருக்கும் ஆரணிக்காரர்களுக்கு ஒன்று சொல்லலாம். லால்பாக் எங்கும் போய்விடாது, அடுத்த முறை பார்க்கலாம். ஒரு காலை ராமநகரத்துக்குக் கொடுங்கள். புது எக்ஸ்பிரஸ் சாலை ஊரைத் தொடாமல் ஒதுங்கிப் போகிறது. டிரைவரிடம் பழைய சாலையில் போகச் சொல்லுங்கள். ரயிலென்றால் மைசூர்ப் பாதையில் ராமநகரம் ஸ்டேஷன் இருக்கிறது. ஏலம் காலையிலேயே சூடு பிடித்துவிடும், நேரத்தோடு போங்கள். தட்டில் கை வைக்குமுன் விவசாயியைக் கேளுங்கள்.

மற்றவர்களுக்கும் ஒன்று. பட்டுப் புடவை எந்த ஊரில் வாங்கினாலும் திருப்பிப் பாருங்கள், கரையில் விரல் வையுங்கள், எந்த ஊர் நெசவு என்று கேளுங்கள். ஆரணி என்று ஒப்புக்கொண்டால், பில்லிலும் ஆரணி என்றே எழுதித் தரச் சொல்லுங்கள்.